முதல் ஊதியத்துக்குப் பின்னால் நிற்பவர்கள்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், கல்விப் பரிசளிப்பு நிகழ்ச்சியின்போது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

பிள்ளைகளின் வேலைவாய்ப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் படகு கட்டும் தொழிலிலிருந்து தொடங்கப் போகிறேன். மதுரையில் நின்றுகொண்டு படகைப் பற்றிப் பேசினால் சிரிப்பு வரலாம். வைகையில் தண்ணீர் வருகிற நாளையே நாம் பாலத்தின் மீது நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள். வண்டியூர்த் தெப்பக்குளத்துத் தெப்பத்தை விட்டால் மிதக்கிற பொருள் எதுவும் நம் கண்ணில் படுவதில்லை. ஆயினும் இந்தச் சபையில் அமர்ந்திருப்போரில் பலருடைய பாட்டனார்கள் கீழக்கரை, மண்டபம், பெரியபட்டினம், தொண்டி என்று கடலோரத்திலிருந்து பிழைப்புக்காக மதுரைக்கு வந்தவர்கள். கடல் நமக்கு அவ்வளவு தூரமானதன்று.

14ஆம் நூற்றாண்டில், மதுரை சுல்தான்களின் காலத்தில், உலகப் பயணி இப்னு பத்தூத்தா இந்த நகருக்கு வந்தார். மாலத்தீவுக்குப் படை அனுப்புவதற்காகக் கப்பல்களை ஆயத்தம் செய்யும்படி இங்கிருந்த சுல்தான் கட்டளையிட்ட செய்தியை அவர் எழுதி வைத்திருக்கிறார். மதுரையில் இருந்த அரசருக்குக் கடற்கரையில் கப்பல் செய்து தரும் கைகள் இருந்தன. இந்தியாவின் கப்பல்களில் பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்துச் சேர்ப்பார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். அதற்குக் காரணமும் சொல்கிறார். இந்தக் கடலில் பாறைகள் மிகுதி. இரும்பாணி அடித்த கப்பல் மோதினால் பிளந்துவிடும். கயிற்றால் தைத்தது சற்று நெகிழ்ந்து கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். இது ஏட்டில் படித்து வந்த அறிவாக இருக்க முடியாது. பல தலைமுறைகளாகக் கை கற்றுக் கைக்குக் கொடுத்த அறிவு.

அந்தக் கைவினைஞருக்குத் தமிழில் ஓடாவி என்று பெயர். அவருடைய வேலையைச் சற்று விவரமாகச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகள் இதைப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்க மாட்டார்கள். முதலில் ஏரா என்னும் அடிக்கட்டையை மணலில் நேராகக் கிடத்துவார்கள். அதன்மீது, மனிதனின் விலா எலும்புகள்போல, வங்குக் கால்களை நிறுத்துவார்கள். வங்குக்கு வளைந்த மரம் வேண்டும். நேர் மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுபட்டு வலுக் குறைந்துவிடும். ஆகையால் இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி ஓடாவி ஊர் ஊராகப் போவார். ஒரு வேம்பையோ நாட்டுக் கருவேலையோ நின்ற நிலையில் பார்த்தவுடனே, இந்தக் கிளை படகின் எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று சொல்லிவிடுவார். பிறகு பலகைகளை நெருப்பில் வாட்டி வளைத்து வங்குகளோடு பொருத்துவார்கள். இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவார்கள். வரைபடம் கிடையாது. அளவெல்லாம் முழக்கோலிலும் கண்ணிலும்தான். ஒரு பலகை அரை விரற்கடை விலகினாலும் கடல் அதைக் கண்டுபிடித்துவிடும். ஓடாவிக்குத் தேர்வு வைக்கிற அதிகாரி கடல்தான்.

இந்தத் தொழிலைச் சிறிதென எண்ணுவோர் ஹூத் அத்தியாயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். நூஹ் (அலை) அவர்கள் இறைக் கட்டளைப்படி கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அவ்வழியே போன சமூகத் தலைவர்கள் ஒவ்வொரு முறையும் அவர்களைப் பரிகாசம் செய்து சென்றார்கள். ஒரு நபியின் கையில் உளியையும் பலகையையும் கண்டு சிரித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஜக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பதும், தாவூத் (அலை) அவர்கள் தம் கையுழைப்பால் உண்டார்கள் என்பதும் நாம் ஹதீஸ்களில் அறிந்தவையே. ஜும்ஆ நாளில் நாம் ஓதுகிற கஹ்ஃபு அத்தியாயத்தில் ஒரு கப்பல் வருகிறது. அது கடலில் பாடுபட்டு உண்ணும் ஏழைகளுடையது. கொடுங்கோல் அரசன் அதைப் பறித்துவிடக் கூடாது என்பதற்காகவே அதில் பழுது உண்டாக்கப்படுகிறது. அதை ஓதும்போதெல்லாம் என் மனத்தில் ஒரு எண்ணம் எழும்: அரசன் கடந்து போன பிறகு அந்த ஏழைகளுக்கு அதைப் பழுது பார்த்துக் கொடுத்த தச்சன் ஒருவன் இருந்திருப்பான் அல்லவா?

இனி நமக்கு அருகிலுள்ள ஓர் ஊருக்கு வருகிறேன். இராமேஸ்வரத்தில் ஜைனுலாப்தீன் என்னும் பெரியவர், இராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல ஒரு மரப்படகு கட்டத் தொடங்கினார். உறவினர் அஹ்மது ஜலாலுத்தீன் அவருக்குத் துணை நின்றார். கடற்கரையிலேயே வேலை நடந்தது. விறகுத் தீயின் வெப்பத்தில் பலகைகள் பதமாவதை ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் அருகில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். 1931 அக்டோபர் 15ஆம் நாள் பிறந்த அந்தச் சிறுவன்தான், 2002 முதல் 2007 வரை நம் நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள். இதை அவர்களே தம் சுயசரிதையான ‘அக்னிச் சிறகுக’ளில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படகு நல்ல வருமானம் தந்தது. பிறகு ஒரு பெரும் புயல் அதைக் கொண்டுபோயிற்று. தந்தையார் மனம் தளராமல் தொழிலை மீண்டும் தொடங்கினார்.

கலாம் அவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏவுகணையைப் பற்றியும் கனவைப் பற்றியும் பேசிவிட்டு அமர்ந்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடச் சுவர்களிலும் அதுவே எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கனவுக்கு முன்னால் இருந்த அணாக் கணக்கை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது. அதைப் பொறுக்கிச் சேர்த்து மளிகைக் கடையில் கொடுத்தால் ஒரு நாளுக்கு ஓர் அணா கிடைக்கும். பிறகு, போர்க்காலத்தில் ரயில் இராமேஸ்வரத்தில் நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடுகிற ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வெளியே எறிவார்கள். ஊருக்குச் செய்தித்தாள் விநியோகித்து வந்த உறவினர் ஷம்சுத்தீன், அந்தக் கட்டுகளைப் பிடிக்க ஓர் உதவியாளைத் தேடினார். சிறுவன் கலாமைச் சேர்த்துக்கொண்டார். அதுதான் அவர்களுடைய முதல் ஊதியம். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் பெருமிதம் தம் உள்ளத்தில் மாறாதிருப்பதாக எழுதியிருக்கிறார்கள்.

இன்று பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு அனுப்புவது சட்டப்படி குற்றம். 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அதை இன்னும் கண்டிப்பாக்கியுள்ளது. அது சரியான சட்டம். பழைய பட்டறைகளில் பிள்ளைகள் பட்ட அடியையும், ஆண்டுக்கணக்கில் கூலியின்றிக் கழிந்த அவர்கள் காலத்தையும் நாம் இனிப்புப் பூசி மறைக்கத் தேவையில்லை. ஜலாலுத்தீன் அவர்களே குடும்பச் சூழ்நிலையால் மேற்கொண்டு படிக்க இயலாமற் போனவர். ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர். தமக்குக் கிடைக்காத படிப்பு அடுத்த தலைமுறைக்குக் கிடைக்க வேண்டும் என்று அவர் முனைந்தார். இராமநாதபுரம் ஷுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் கலாமைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அவரும் ஷம்சுத்தீனும்தான்.

பிறகு திருச்சி தூய வளனார் கல்லூரி. அதன்பின் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலுக்கு இடம் கிடைத்தது. சேருவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டும். தந்தையாரிடம் அவ்வளவு பணம் இல்லை. சகோதரி ஜொஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தாய்மார்களே, அந்த வளையல்களை இந்த நாடு மறந்துவிட்டது, நீங்கள் மறவாதிருங்கள்.

படிப்பு முடிந்து பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தபோது அவர்கள் செய்த வேலை என்ன? விமான இயந்திரங்களைக் கழற்றி, உறுப்புகளின் தேய்மானத்தையும் விரிசலையும் சோதித்து, மீண்டும் பூட்டுவது. பட்டம் பெற்றவரும் அங்கே எண்ணெய்க் கறை படிந்த கையோடுதான் நின்றார். அடுத்து விமானப் படைத் தேர்வுக்காக டேராடூன் சென்றார்கள். இருபத்தைந்து பேரில் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், இவர் ஒன்பதாவது! 1958இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள தொழில்நுட்ப இயக்ககத்தில் முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். சில ஆண்டுகளில் பெங்களூரில் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட பணி, தரையிலிருந்து 40 மில்லிமீட்டர் உயரத்தில் காற்று மெத்தையின் மீது மிதந்து செல்லும் ஹோவர்கிராஃப்ட் ஊர்தி ஒன்றைச் செய்வது. படகுக்காரர் மகனுக்கு அல்லாஹ் படகு போன்ற ஒன்றையே திரும்பக் கொண்டுவந்து கொடுத்தான் என்று எனக்குத் தோன்றும். 1963இல் அவர்கள் அமெரிக்காவில் பயிற்சிக்குப் புறப்பட்டபோது பம்பாய் விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்பியவர்களும் அதே ஜலாலுத்தீனும் ஷம்சுத்தீனும்தான். கடற்கரையில் பலகையைப் பிடித்த கை, விமான நிலையம் வரை கூடவே வந்திருக்கிறது.

ஒரு பிள்ளைக்கு முதல் வேலை கிடைக்கிறது என்றால், அதற்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். செய்தித்தாள் கட்டைப் பிடிக்கச் சொன்னவர் ஒருவர், பள்ளியில் சேர்க்கக் கூட நடந்தவர் ஒருவர், நகையைக் கழற்றியவர் ஒருவர். நம் மஹல்லாவில் பத்தாவது முடிக்கிற பிள்ளைக்குப் பின்னால் அப்படி யார் நிற்கிறார்?

இந்தக் கேள்வியை நான் முதலில் என்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியவன். சபையோரிடம் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு நம் பகுதியில் மரப்பட்டறை வைத்திருந்த சகோதரர் ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார். அவருடைய தந்தையார் கடற்கரையில் ஓடாவியாக இருந்தவர். கடற்கரையில் வேலை குறைந்ததால் மகன் மதுரைக்கு வந்து கதவும் கட்டிலும் செய்து பிழைத்தார். அவருடைய பையன் பத்தாவது தேறியிருந்தான். மரவேலையில் ஆசையுள்ள பையன். “ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா பாய்?” என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உளி பிடிக்கிறது உங்களோடு போகட்டும். பையனை இன்ஜினியர் ஆக்குங்கள்” என்றேன். அவரும் என் பேச்சை மதித்துப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தார். பின்பு ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, வங்கிக் கடன், பல பாடங்களில் தோல்வி. பட்டம் கைக்கு வந்தபோது வயது இருபத்து நான்கு. முதல் வேலை ஒரு துணிக்கடையில் பில் போடுவது. அதைக் குறைவாகச் சொல்லவில்லை, ஹலாலான உழைப்புதான். ஆனால் அதற்கு அந்தக் கடன் தேவைப்பட்டிருக்காது.

தந்தை மவுத்தானபின் பட்டறையை மூடினார்கள். சென்ற ஆண்டு அந்தப் பையனை, இப்போது வளர்ந்த மனிதன், ஒரு வீட்டில் சமையலறை அலமாரி பொருத்தும் வேலையில் கண்டேன். தலைமைத் தச்சருக்கு உதவியாளாக நின்றுகொண்டிருந்தான். “அத்தா பட்டறையை மூடின அன்னைக்கு உளியையெல்லாம் எடைக்குப் போட்டுட்டோம் மாமா. இப்போ ஒண்ணொண்ணா விலைக்கு வாங்குறேன்” என்றான். முகத்தில் கோபம் இல்லை. என்னைக் குறை சொல்லவும் இல்லை. முப்பது வயதைத் தாண்டியவன், தன் பாட்டனாரின் தொழிலைப் பிறரிடம் தினக்கூலிக்குக் கற்றுக்கொண்டிருக்கிறான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கடற்கரையிலும் இதுவே நடந்தது. பைபர் படகுகள் பெருகின. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவே அவை ஏராளமாக வந்தன. 2017இல் பாக் நீரிணை மீனவர்களுக்காக ஆழ்கடல் மீன்பிடிப் படகுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரு படகின் மதிப்பு 80 இலட்சம் ரூபாய். அதில் பாதியை மத்திய அரசும், நூற்றுக்கு இருபது பங்கை மாநில அரசும் மானியமாக ஏற்றன. நல்ல திட்டம். அந்தப் படகுகளில் ஒரு பகுதியைக் கட்டும் பணி கொச்சிக் கப்பல் கட்டும் தளத்துக்குச் சென்றது. மரத்தை அறிந்த மண்டபத்து ஓடாவிக்கு இரும்பைப் பற்றவைக்கத் தெரியாது. அவர் மகனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தொழில் அழியவில்லை, ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்கு மாறியது. மாறுகிற நேரத்தில் பிள்ளையின் கையைப் பிடித்து அடுத்த படியில் ஏற்றிவிட ஆள் இல்லாமற் போயிற்று.

அடுத்த படி எங்கே இருக்கிறது என்றால், நமக்கு வெகு அருகில், கே.புதூரில். அங்குள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தை நாம் பேருந்தில் கடந்து போகிறோம். பிட்டர், எலெக்ட்ரீஷியன் பிரிவுகள் ஈராண்டு, வெல்டர் ஓராண்டு. வெல்டர், வயர்மேன், தச்சு ஆகியவற்றுக்கு எட்டாம் வகுப்புத் தேறியவரும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கென்று தனி அரசினர் நிலையமும் மதுரையில் உண்டு. பத்தாவதுக்குப் பின் ஈராண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். ஐ.டி.ஐ. போனால் படிப்பு முடிந்துவிடும் என்று அன்று நான் நினைத்தேனே, அது என் அறியாமை. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டபோது, ஐ.டி.ஐ. மாணவர்களும் அவற்றில் சேர்க்கப்பட்டார்கள்.

கடல் தொழிலில் நாட்டமுள்ள பிள்ளைகளும் இருக்கக்கூடும். மத்திய அரசின் சிஃப்நெட் நிறுவனம் கொச்சியைத் தலைமையிடமாகவும், சென்னையையும் விசாகப்பட்டினத்தையும் கிளைகளாகவும் கொண்டது. கப்பல் செலுத்துதல், கப்பல் இயந்திரப் பொருத்துநர் என இரண்டு பயிற்சிகளை, பத்தாவது தேறியவர்களுக்கு, ஈராண்டு நடத்துகிறது. மும்பை மஸகான் கப்பல் தளம், வெல்டர், குழாய் பொருத்துநர், எலெக்ட்ரீஷியன் பணிகளுக்குப் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைப் பயிற்சியாளராக எடுக்கிறது. பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை உண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. வெளிநாட்டு வேலை என்று யாரேனும் பாஸ்போர்ட்டைக் கேட்டால், அந்த முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் கொடுத்துவிடாதீர்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் விரிவாகப் பேசலாம்.

ஓர் அன்சாரித் தோழர் யாசகம் கேட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்த வரலாற்றை நம் ஹஜ்ரத் அவர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அவர் வீட்டிலிருந்த ஒரு விரிப்பையும் பாத்திரத்தையும் ஏலமிட்டு, கிடைத்த இரண்டு திர்ஹங்களில் ஒன்றை உணவுக்கும் மற்றொன்றைக் கோடரிக்கும் செலவிடச் சொன்னார்கள். கோடரிக்கு நபி (ஸல்) அவர்களே தம் கையால் காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். பதினைந்து நாட்களில் அவர் பத்து திர்ஹங்களுடன் திரும்பினார். அந்தக் காம்பை நான் மிகவும் எண்ணிப் பார்க்கிறேன். தொழில் செய்யத் தெரிந்த ஏழைக்கு அவருடைய தொழிற்கருவி வாங்கும் அளவுக்கு ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் மத்ஹபின் நிலையை ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டு, நம் பைத்துல்மாலிலிருந்து அவ்வாறு கருவிப் பெட்டி வாங்கித் தர இயலுமா என்று நிர்வாகக் குழு ஆராய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். இதோ இந்த மேசையில் பரிசுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. பத்தாவதில் முதல் மூன்று இடம், பன்னிரண்டாவதில் முதல் மூன்று இடம். மாஷா அல்லாஹ். ஐ.டி.ஐ. முடித்து இவ்வாண்டு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இன்று மேடைக்கு அழைக்கப்படவில்லை. நான் கேட்டபோது, அவர்களுடைய பெயர் நம்மிடம் இல்லை என்று தெரிந்தது. யார் மீதும் குறையாகச் சொல்லவில்லை. திருமணப் பதிவேடு வைத்திருக்கிறோம், ஜனாஸாப் பதிவேடு வைத்திருக்கிறோம். இதற்கு ஒரு நோட்டு வைக்க நமக்குத் தோன்றவில்லை.

அந்த நோட்டை இன்று நானே வாங்கி வந்து அலுவலகத்தில் எழுத்தர் வசம் கொடுத்திருக்கிறேன். இவ்வாண்டு பத்தாவது, பன்னிரண்டாவது எழுதும் பிள்ளைகளின் பெயரையும், அவர்கள் எதில் விருப்பமுள்ளவர்கள் என்பதையும் பெற்றோர்கள் எழுதிவிட்டுப் போக வேண்டுகிறேன். பெண் பிள்ளைகளின் பெயரையும் தயங்காமல் எழுதுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேறொரு தலைப்பு இட்டிருக்கிறேன்: ‘கூடச் செல்வோர்’. விண்ணப்பம் நிரப்பவும், சேர்க்கை நாளில் புதூர் வரை கூட வரவும், பயிற்சியாளர் தேர்வுக்கு வெளியூர் போகும் பிள்ளையை ரயிலேற்றி விடவும் முன்வருகிறவர்கள் அங்கே பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதலாம். முதல் பெயராக என்னுடையதை எழுதியிருக்கிறேன். இரண்டாவது பெயர் அந்தத் தச்சர் மகனுடையது. நான் கேட்டவுடன் மறுவார்த்தை பேசாமல் ஒப்புக்கொண்டான். மக்ரிப் தொழுகைக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும்.